பாய்க்கயிறு என் கையில்

1985 டிசம்பர் 15, ஞாயிறு

பென்னலூர் ஏரி இந்த வருஷ மழையில் ததும்பி நிற்கிறது. இன்றும் பாய்ப்படகுதான். எங்கள் கம்பெனி வெல்ஃபேர் ஆபீசர் பாண்டுரங்கன் சார் நேவியில் இருந்தவர். மெட்ராஸ் படகு கிளப்பிலிருந்து இரண்டு பழைய படகுகளை அவர் லாரியில் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து எனக்கு ஞாயிறு என்றால் ஏரிதான். தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் காதுக்குள் கத்தினால்தான் பேச்சு கேட்கும். தண்ணீருக்கு நடுவில் பாய் படபடக்கிற சத்தம் மட்டும். முப்பத்தைந்து வயதில் இப்படி ஒரு பைத்தியம்.

மார்ச்சில் கிளப்காரர்கள் பரீட்சை வைக்க வருகிறார்களாம். பாஸானால் பாய்ப்படகுப் பயிற்சியாளர் என்று சர்ட்டிபிகேட். பிரஸ்ஸிலிருந்து எடுத்து, தொழிலாளர் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் என்னைப் போடுவதாகச் சார் சொல்கிறார். எனக்கு அது வேண்டும். இவ்வளவு ஆசை வேறு எதற்கும் பட்டதில்லை.

டிசம்பர் 22

விசித்திரமான பரீட்சை. நான் ஓட்டிக் காட்டினால் போதாதாம். படகில் ஏறியே இராத ஒரு ஆளை நானே பழக்கிக் கூட்டிவர வேண்டும். பரீட்சை அன்று சுக்கான் அந்த ஆள் கையில், பாய்க்கயிறு என் கையில். உத்தரவு போடுவது அவர், செய்வது நான். காற்றில் படகு சாய்ந்தால் கயிற்றை விட வேண்டும், விடாவிட்டால் கவிழும். குறுக்கே நான் யோசனை சொன்னால் மார்க் போச்சு.

பக்கத்து மிஷின் எல்லப்பன் வருகிறேன் என்றிருக்கிறான்.

டிசம்பர் 29

எல்லப்பன் கழன்றுகொண்டான். ஞாயிறு ஓ.டி. போட்டுவிட்டார்களாம். “தண்ணில கவுந்து சாவறதுக்கு நான்தான் கெடைச்சனா?” என்கிறான்.

வீட்டில் சாப்பிடும்போது பெண்சாதி குழலியிடம் புலம்பினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நான் வரட்டா? கெணத்துல குதிச்சு வளந்தவதான் நானும்” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

1986 ஜனவரி 5

குழலியைச் சார் இன்று பார்த்தார், பேர் பதியும் நோட்டைத் திறந்தார். “யார்கிட்ட பழகறீங்கம்மா? பேர் சொல்லுங்க.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “செதம்பரத்துல ஆடுற சாமி பேரு” என்றாள். சார் சிரித்துக்கொண்டே சபாபதி என்று எழுதிக்கொண்டார். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இதே பதில்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் பேர் அவள் வாயில் வந்ததில்லை. இவ்வளவு நாள் அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

ஜனவரி 19

நன்றாக வருகிறாள். என்னைவிடச் சீக்கிரம் வருகிறாள் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஒரே தகராறு பேரில்தான். ஆளின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உத்தரவு போட வேண்டும். அது சட்டம். போன மாதம் ஒரு படகில் ‘விடு’ என்று கத்தியதற்கு அடுத்த படகுக்காரன் கயிற்றை விட்டுவிட்டான். குழலி ‘இந்தாங்க’ என்கிறாள், ‘ஏங்க’ என்கிறாள், ஒரு தடவை கைதட்டினாள். பேர் மட்டும் வரவில்லை.

பிப்ரவரி 9

இன்று கத்திவிட்டேன். “உன் வாய்ல இன்னா கொழுக்கட்டையா? சபாபதின்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?”

“எங்க அம்மா சொன்னதில்ல, ஒங்க அம்மா சொன்னதில்ல. நான் சொல்லி ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. என் ஆயுசுக்குப் பயப்படுகிறாள், நான் மார்க்குக்குப் பயப்படுகிறேன். ஆனாலும் விடவில்லை. சொன்னால்தான் ஆச்சு என்றேன்.

பிப்ரவரி 23

சொன்னாள்.

நடு ஏரியில், கரையில் ஒருத்தரும் இல்லாதபோது. முகத்தைப் பாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக, “சபாபதி, கயிறை விடு.” விட்டேன். படகு லேசாக நிமிர்ந்தது. அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது நாலைந்து தடவை சொன்னாள், காரணமே இல்லாமல்.

மார்ச் 9

கவிழ்ந்துவிட்டது.

மார்ச் 10

இன்றைக்காவது எழுத வேண்டும்.

நேற்றைய பரீட்சைக்குக் கரையில் திருவிழாக் கூட்டம். எல்லப்பன் பிரஸ் ஷாப்பையே கூட்டிவந்திருந்தான். குழலியின் பென்னலூர்ச் சொந்தக்காரர்கள் வேறு. முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்றில் கரையை ஒட்டித் திரும்பும்போது திடீரென்று காற்று அடித்தது, படகு சாய்ந்தது. “சபாபதி, கயிறை விடு!” ஏரிக்கரை முழுக்கக் கேட்டிருக்கும். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

கரையில் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எல்லப்பன் குரல் தனியாகக் கேட்டது: “டேய் சபாபதி, விட்றா! அண்ணி சொல்றாங்க இல்ல!”

நான் விடவில்லை. விட முடியாமல் இல்லை, விடவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் கத்தினாள். அதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. இடுப்பளவு சேற்றில் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

சார், “அவங்க சொன்னது கரெக்ட். சொன்ன நேரமும் கரெக்ட். நீதான்பா காதுல வாங்கல” என்றார். கிளப்காரர்கள் அவளிடம் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வீட்டுக்கு வந்து ஈரத்துணியோடு நின்றவளிடம், “ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்டியே” என்றேன். யார் சொல்லச் சொன்னது? நான். எத்தனை வாரம் சண்டை போட்டுச் சொல்ல வைத்தேன்? அவள் புடவையை மாற்றிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

மார்ச் 16

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் வாயில் பேர் வராததற்கு என்னென்ன பேசினேன்.

ஏப்ரல் 6

கேட்டுவிட்டேன். “தப்பு என்னுதுதான். அடுத்த மழைக்கு மறுபடி வரியா?”

“சோறு ஆறுது. சாப்புடுங்க” என்றாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 15

ஏரி வற்றிவிட்டது. நாங்கள் கவிழ்ந்த இடத்தில் மாடு மேய்கிறது.

நவம்பர் 30

பாண்டுரங்கன் சார் வீட்டுக்கே வந்தார். பெண்களுக்கும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். கிளப்காரர்கள் குழலியைத்தான் கேட்கிறார்களாம், அவள் பரீட்சை எழுதட்டும் என்றார். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “வரேங்க சார்” என்றாள்.

சந்தோஷமாக இருந்ததா? எரிச்சலாக இருந்தது. அப்புறம் எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

1987 ஜனவரி 18

குழலி பழக்கிய ஆள் லீலா, எல்லப்பன் பெண்சாதி. இன்று பரீட்சை. போன வருஷம் எல்லப்பன் நின்ற இடத்தில் நான் நின்றேன். போன வருஷத்தைப் போலவே அதே முனையில் காற்று பிடித்தது. “குழலி, கயிறை விடு!” லீலா சொல்லி முடிப்பதற்குள் குழலி விட்டாள். அவ்வளவுதான். அவ்வளவு சுலபம் அது.

பாஸ். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

பிப்ரவரி 8

நான் மறுபடி பரீட்சை கொடுக்க வேண்டுமானால் பயிற்சியாளர் ஒருவரிடம் ஒரு சீசன் கயிறு பிடிக்க வேண்டும் என்கிறார் சார். இந்த ஏரியில் இருக்கும் ஒரே பயிற்சியாளர் என் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் போய் வரிசையில் நின்றேன்.

பேர் சொல்லி ஒவ்வொருவராகப் படகுக்குப் பிரித்தாள். லீலா, பாப்பம்மாள், ரகுபதி. என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்றாள். “நீங்க என் போட்டுல ஏறுங்க” என்றாள்.

நடு ஏரிக்குப் போனோம். கரையில் ஒருத்தரும் இல்லை. காற்று வருவது எனக்கும் தெரிந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன். அடுத்த படகு வெகு தூரத்தில் இருந்தது, பேர் சொல்ல அவசியமும் இல்லை.

“ஏங்க, கயிறை விடுங்க” என்றாள்.

உடனே விட்டேன்.