பெல் இன்னும் அடிக்கவில்லை, தேவகி

என் கண்ணே தேவகி,

நீ போன பிறகும் உன்னோடு பேசுகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. காலையில் அடுப்பில் பாலை வைத்தால் தலை தானாக மதில் பக்கம் திரும்புகிறது. "கலாக்கா, எய்ந்துட்டியா?" என்று கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. உன் வாசலில் 'டு லெட்' பலகை தொங்குகிறது. நம் கோவில்பதாகையில் வீடு எத்தனை நாள் காலியாக நிற்கும்? யாராவது வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உன் அம்மாவை முதியோர் ஹோமில் சேர்த்துவிட்டோம்.

கோபப்படாதே என்று சொல்ல மாட்டேன். தாராளமாகக் கோபப்படு. முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு, அவ்வளவுதான்.

எல்லாம் உன் யோசனையில் ஆரம்பித்தது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. உன் அம்மா வீடு முழுக்க நடப்பார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிப்ட். நீ சாயங்காலம் ஃப்ளாட்டுகளுக்குச் சமைக்கப் போகிறவள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிடலாமா என்று மதிலோரம் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய், "உங்கப்பாவுக்கு காலு இல்ல, எங்கம்மாவுக்கு நெனப்பு இல்ல. ரெண்டு பேரயும் ஒண்ணா உக்கார வெச்சா ஒரு முழு ஆளு கீதுக்கா."

அப்படித்தான் உன் அம்மாவின் நாற்காலி என் வீட்டு ஹாலுக்கு வந்தது, அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே. காலையில் நீ, சாயங்காலம் நான். நாம் அடுப்படியிலோ கொல்லையிலோ இருக்கும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுக்கு. உன் அம்மாவுக்குத்தான் ஒரே வேலையாயிற்றே. "பாப்பாவ இஸ்கூல்லேர்ந்து இட்டுகினு வரணும், நேரமாவுது" என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தப் பாப்பா நீதான். நரைமுடியோடு பக்கத்தில் நின்றுகொண்டு நீ பதில் சொல்வாய், "இன்னும் பெல்லு அடிக்கலமா. அடிக்கட்டும், ரெண்டு பேரும் போலாம்." அவரும் சமாதானமாகி உட்கார்ந்துவிடுவார்.

அவர் எழுந்தால் தட்டிக் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தோமே, முதல் நாள் கூத்து ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா எழுந்தார், அப்பா தட்டினார். "பெல்லு அட்ச்சிட்டான்!" என்று உன் அம்மா பிடித்தாரே ஒரு ஓட்டம்! முனைக் கடையருகில் போய்த்தான் அவரைப் பிடித்தாய். நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தட்டைப் பிடுங்கிக்கொண்டு பிளாஸ்டிக் மக்கைக் கொடுத்தோம். கட்டில் சட்டத்தில் அதை மொத்தினால் டொக்கு டொக்கென்று கேட்கும், பள்ளிக்கூட மணி மாதிரி இருக்காது. "வாட்ச்மேன் சார், டூட்டி ஜாக்கிரத" என்று நீ சொல்லும்போதெல்லாம் அப்பா கோணிய வாயோடு சிரிப்பார். அதுவரை செத்தால் போதும் என்பது போல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர், தினமும் முகச்சவரம் செய்துவிடச் சொல்லிக் கன்னத்தைத் தடவிக் காட்ட ஆரம்பித்தார்.

நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்னபோது ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன். "கேஸ்தான்க்கா. நான் போனா கெழத்த யாரு பாத்துப்பாங்க?" என்றாய். நான் இருக்கிறேனே என்றேன். "நீ வேலைக்குப் போ, லீவு போட்டா தொரத்திடுவான்" என்று என்னை விரட்டினாய். கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. யாரிடம் போய் இதைக் கேட்பது? பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒருத்தி வலியைப் பொறுத்துக்கொண்டே செத்துப்போகலாமா?

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் அம்மா வந்து பார்த்தார். "யாரு பெத்த பொண்ணோ, பாவம்" என்று எல்லோரோடும் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் எழுந்து பாப்பாவைக் கூப்பிட வாசலுக்குப் போனார். நான்தான் தடுத்து உட்கார வைத்தேன்.

காரியம் முடிந்ததும் உன் தம்பி முரளி அவரைச் சென்னீர்குப்பம் ஃப்ளாட்டுக்குக் கூட்டிப் போனான். அவனைத் திட்டாதே. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஒருநாள் கதவு திறந்திருந்த நேரத்தில் உன் அம்மா இறங்கிவிட்டார். குமணன்சாவடி சிக்னலில், லாரிகளுக்கு நடுவில், "இஸ்கூல் எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் நிழலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம். முரளிதான் போனில் இதைச் சொல்லி அழுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை தேவகி. விசாரிக்காத இடம் இல்லை. வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிற சிஸ்டர் நல்ல பெண், ஆனால் அவளுக்கு இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறது. முதியோர் ஹெல்ப்லைனில் பொறுமையாகக் கேட்டு ஹோம்களின் நம்பர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று கேட்டால், எழுந்து நடமாடுகிறவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். உன் அம்மா நன்றாக நடப்பாரே என்றால், ஞாபக மறதி இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். நடக்கிறவர்களுக்கு நினைவு இருக்க வேண்டும், நினைவு இருக்கிறவர்கள் நடக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஏன் அங்கே வரப்போகிறார்கள் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். வீட்டோடு தங்கும் ஆளை அனுப்புகிற ஏஜென்சி கேட்ட தொகைக்கு என் முழுச் சம்பளமும் காணாது. கடைசியில் அந்தச் சம்பளமும் இல்லாமல் போயிற்று. வேலையை விட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்களே அம்மாவ வெச்சுக்குறீங்களா? மாசாமாசம் நான் அனுப்பிடறேன்" என்று முரளி கேட்டான். முடியாது முரளி என்று சொன்னேன். அப்பாவைப் புரட்டிப் போட்டுக் கழுவி எடுக்கும் நேரத்தில் உன் அம்மா வாசலைத் தாண்டிவிட்டால் யார் ஓடுவது? நீ இருந்தவரை நாம் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்தான். அவனும் தேடித் தேடி, பூந்தமல்லி தாண்டி ஒரு ஹோமைப் பிடித்தான். அங்கே மறதிக்காரர்களை எடுக்கிறார்கள், ஆனால் கேட்டை எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார்களாம்.

அங்கே சேர்க்கும் நாளன்று, உன் வீட்டில் கிடந்த உன் அம்மாவின் துணிமணிகளை எடுத்துக்கொள்ள, அவரையும் கூட்டிக்கொண்டு முரளி இங்கே வந்தான். அப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா பெரியவரே, சாப்ட்டியா?" என்றார். நேற்று விட்டுப்போனவர் போல! அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வாயைத் துடைத்துவிடக்கூட விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முரளி பையோடு வந்து, கிளம்பலாம்மா என்றான். "நான் வரல. நீ யாரு?" என்று உன் அம்மா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவன் கெஞ்சினான், அழுதான், கடைசியில் தோளைப் பிடித்துத் தூக்கினான். என்ன சொன்னால் அவர் எழுந்து போவார் என்று எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு எழவில்லை.

ஆனால் அப்பா பார்த்துவிட்டார். உன் அம்மாவை யாரோ வாசலுக்கு இழுத்துப் போகிறார்கள், தன்னிடம் டூட்டி ஒப்படைத்திருக்கிறது. மக் எந்த மூலையில் கிடந்ததோ, மடியில் இருந்தது இட்லித் தட்டுதான். இடது கையால் கரண்டியை எடுத்துத் தட்டினார். சட்னி தெறிக்கத் தெறிக்க, என்னைப் பார்த்துக்கொண்டே, நிறுத்து நிறுத்து என்று தட்டினார்.

உன் அம்மாவின் முகம் மலர்ந்தது. "பெல்லு அட்ச்சிட்டான்! பாப்பா கேட்டாண்ட நின்னுகினு இருக்கும்" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு, முரளிக்கு முன்னால் அவரே போய் காரில் ஏறினார். "சீக்கிரம் எடுப்பா வண்டிய" என்று அவனை அவசரப்படுத்தினார். கார்க் கதவை நான் சாத்தினேன்.

நான் திரும்பி உள்ளே வந்தபோது அப்பா கரண்டியைக் கீழே போட்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் எல்லாம் புரியுமே, அதுதானே அவருக்குச் சாபம். இப்போது தட்டைப் பக்கத்தில் வைத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சவரமும் வேண்டாமென்று தலையை ஆட்டுகிறார். உங்கள் மேல் தப்பு இல்லையப்பா என்று சொல்லிப் பார்க்கிறேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்களாம். முனையில் நிற்கிற ஆட்டோக்காரர், அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமாகப் போவோம். உன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாப்பா எங்கே என்று கேட்பார். நீ செத்துப்போனாய் என்று ஒருநாளும் என் வாயால் சொல்ல மாட்டேன். பூட்டிய கேட்டுக்கு உள்ளே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னதையே சொல்வேன், "இன்னும் பெல்லு அடிக்கலமா. அடிக்கட்டும், ரெண்டு பேரும் போலாம்." உனக்கு வாக்குக் கொடுக்க என்னிடம் இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, தேவகி.

உன் அம்மாவுக்கு மகளாக இருக்க முடியாமல் போன,
உன் அக்கா
கலா