நிஷாவுக்காக நீங்கள் வைத்த ஸ்டேட்டஸ்

அப்பா,

இன்று சயான் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் ரயில் ஏறிய பெண்ணின் புதுப் பையில் பசை வாடை அடித்தது. தாராவியில் பை தைக்கும் பட்டறையிலிருந்து நீங்கள் சட்டையோடு கொண்டுவந்த அதே வாடை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் பயந்து நகர்ந்தாள். நிற்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஆறாம் வகுப்பில் தோழிகள் எங்கள் நால்வரில் ஒருத்திக்கும் சொந்தமாக போன் கிடையாது. எங்கள் நட்பெல்லாம் அப்பா அம்மாக்களின் வாட்ஸ்அப்பில்தான் வளர்ந்தது. சட்டம் மட்டும் கறார்: தோழியின் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும், மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் 'கட்டி'. அத்தோடு பேச்சு நின்றது. செல்வியின் அம்மா மதியமே அழித்துவிட்டதால், பாவம், அவள் ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து டிபன் டப்பாவில் சாப்பிட்டாள்.

நிஷாவின் பிறந்தநாளன்று நீங்கள் பல் தேய்க்கப் போன நேரத்தில் உங்கள் போனை எடுத்தேன். பெண்பிள்ளைகள் படம் போட வீட்டில் தடை. அதனால் ஒரு கரடி பொம்மை, சுற்றிலும் சிவப்பு இதயங்கள், கீழே 'நிஷா, யூ ஆர் மை லைஃப்'. நீங்கள் அதைப் பார்க்காமலே வேலைக்குப் போய்விட்டீர்கள்.

பட்டறையில் அன்று முழுக்க, "நிஷா பாபி கைசி ஹை?" என்று இல்லாத அண்ணியை நலம் விசாரித்தார்களாம். சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் திருநெல்வேலியிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"ஏலே, பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு இந்த வயசுல உனக்கு எவளாம்ல லைஃபு?"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "மொதல்ல அத எடுங்க."

"எடுத்தா கட்டி ஆயிரும்ப்பா" என்று அழுதேன். எனக்கு அந்த மூவரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

நீங்கள் போனைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "யக்கா, அது நம்ம புள்ளைக்க கூட்டாளி. காலைல வரைக்கும் கெடக்கட்டும். அதுகளுக்கும் ஒரு சட்டம் இருக்குல்லா?"

அத்தை நம்பவில்லை. அடுத்து கூப்பிட்ட சித்தப்பாவும் நம்பவில்லை. ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னீர்கள், காது இரண்டும் சிவக்க. அம்மா அன்று குழம்பில் உப்பே போடவில்லை. நீங்கள் அப்படியே சாப்பிட்டீர்கள்.

நீங்கள் கண் மூடிய பிறகும் நிஷா வீட்டுக்கு வருகிறாள். "உங்கப்பாவோட லைஃபு வந்துட்டா" என்று அம்மாதான் கதவைத் திறக்கிறாள். அப்புறம் இரண்டு பேரும் உங்களைப் பற்றிப் பேசி அழுகிறார்கள்.

அன்று உங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆபீசில் ஒருத்திக்காக நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் எனக்கும் காது சுடுகிறது. சுட்டாலும் பேசிவிடுகிறேன், அப்பா.