ஹானாவின் அண்ணன் வந்தானா

மாடியில் குடியிருக்கும் பெண் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நேற்று மாலை தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கேட்க மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அவளுடைய மடிக்கணினியில் ஒரு படம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கடற்கரை. அதில் ஒரு பெண். முகத்தில் பாதியை எடுத்துக்கொண்ட கண்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத்து.

என்னம்மா இது என்று கேட்டேன். விளையாட்டு என்றாள். ஆனால் ஓடுவதும் சுடுவதும் கிடையாதாம். கதையைப் படித்துக்கொண்டே போக வேண்டும். சில இடங்களில் கதாநாயகன் இப்போது பேசலாமா, பேசாமல் இருக்கலாமா என்று கேட்கும். நாம் எதைச் சொல்கிறோமோ அந்த வழியில் கதை போகும்.

"நாம அமுக்குற வரைக்கும் அவ அப்படியே நிப்பா அங்கிள். எவ்ளோ நேரம் ஆனாலும்" என்றாள்.

மோட்டாரைப் பற்றிக் கேட்காமலே இறங்கி வந்துவிட்டேன். அந்தக் கண்களை எனக்குத் தெரியும். நீ காட்டித்தான் தெரியும். இரவெல்லாம் உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. எழுதுவதுதான் எனக்குக் கொஞ்சம் வரும் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் கேபிளில் அந்தக் கார்ட்டூன் அலைவரிசை வந்தது. மூன்றரை மணிக்குத் தமிழில் குரல் கொடுத்த ஒரு ஜப்பானியத் தொடர். ஒரு கலங்கரை விளக்கத்தில் ஹானா என்ற பெண் தனியாக இருக்கிறாள். அவளுடைய அண்ணன் கப்பலில் போனவன் திரும்பவில்லை. அவன் வழி தவறக் கூடாது என்று தினமும் விளக்கை ஏற்றுகிறாள். வருகிற ஒவ்வொரு கப்பலிலும் இறங்குகிறவர்களிடம் அண்ணனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். நல்ல சென்னைத் தமிழில் கேட்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நீ மட்டும் மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டு வந்து உட்காருவாய்.

எதிர் வீட்டுக்காரர் வந்துவிட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். குழந்தைகள் பார்ப்பதை நீ பார்க்கிறாய் என்பதற்காக அல்ல. பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாயே, அதற்காக. பொம்மைப் படத்துக்கு அழுவாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம சீரியல்ல எல்லாம் நெஞ்சுல அடிச்சிக்கினு அழறாங்க. எனக்கு ஒண்ணும் வர்றதில்ல. இதுல அந்தப் புள்ள அழவே மாட்டேங்குது. சும்மா நிக்குது. காத்து அடிக்குது, பாவாட ஆடுது. அவ்வளவுதான். மீதிய நம்மள அழச் சொல்லிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து நீயே மறுபடியும் சொன்னாய்: "யாரோ ஒருத்தன் உக்காந்து அந்தத் தலமுடிய ஒண்ணொண்ணா வரைஞ்சிருக்கான். பாசம் இல்லாம அப்பிடி வரைய முடியுமா?"

அப்போது எனக்கு இது பெரிதாகப் படவில்லை. செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அந்த வருட மழைக்காலத்தில்தான் உன் வயிற்று வலி ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. பெண்கள் வார்டு. ஆண்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அனுமதி. முதல் நாள் நான் பழம், துண்டு, வெந்நீர்க் குடுவை எல்லாம் வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தேன். நீ அவற்றைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு என்னா ஆச்சு?" என்றாய்.

"எது?"

"ஹானாவுக்கு. அந்தக் கெழவன் கப்பல்ல வந்தானே, அவனுக்கு அண்ணனத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உன் முகம் வாடியதைப் பார்த்து, நாளை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் நான் மூன்றரை மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நோத்தேர் என்கிற நோட்டரி அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் பத்திரம் எழுதியவன். நான்கு எல்லையையும் சொல்லி, யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று சந்தேகம் வராமல் எழுதுவதுதான் என் வேலை. கதையையும் அப்படியே சொன்னேன். கிழக்கே கடல், மேற்கே படிக்கட்டு, மேற்படி பெண் படிக்கட்டில் இறங்கி வந்து மேற்படி கிழவரிடம்...

"மேற்படி மேற்படின்னு சொல்லாதீங்க. அவளுக்குப் பேர் இருக்குது" என்றாய்.

பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள், காலில் கட்டுடன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யா நெலத்த விக்கிற மாதிரியே கத சொல்றாருக்கா."

மறுநாள் அவளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் எதிர்க் கட்டில் முஸ்லிம் அம்மா, கோட்டக்குப்பத்துக்காரர், மகளிடம் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும், "சாரு வந்துட்டாரு, சத்தம் போடாதீங்க" என்றார். நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். உனக்கு அது தெரியும். தெரிந்தும் நீ, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அவங்களுக்குக் கேக்கல" என்றாய்.

சொல்ல வேண்டும் என்பதற்காகப் பார்க்கப் போய், பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். ஹானா அடுப்பில் கஞ்சி வைப்பாள். ஆவி மேலே போகும். ஒரு நிமிடம் அதை மட்டும் காட்டுவார்கள். ஒன்றும் நடக்காது. இதை எப்படிச் சொல்வது என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசிப்பேன். கடைசியில், "கஞ்சி கொதிச்சுது. ரெண்டு கிண்ணம் எடுத்தாள். அப்புறம் ஒண்ணைத் திருப்பி வெச்சிட்டாள்" என்று மட்டும் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையில், முதல்முறையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

பிறகு அந்தக் குழப்பம் வந்தது. ஒருநாள் திடீரென்று ஹானா சிறுமியாகிவிட்டாள். அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போகிறான். அவள் பழையதை நினைத்துப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அப்படியே வந்து சொன்னேன். மறுநாளும் சிறுமி. அதற்கு மறுநாளும்.

"இன்னாய்யா, இன்னுமா நெனைச்சிக்கினு இருக்குது?" என்றாள் பாகூர்ப் பெண்.

"நீண்ட நினைவு போலிருக்கிறது" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். சிரிப்பில் வயிறு வலித்து, கையால் பிடித்துக்கொண்டாய். "அய்யோ, நினைப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மொதல்ல இருந்து போட்றான். எப்பவும் இப்பிடித்தான் பாதியில நிறுத்திட்டு மறுபடியும் போடுவானுங்க. இது கூடத் தெரியாம மூணு நாளா எங்களுக்குப் பழைய கதைய ஓட்டிக்கினு இருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் உன் முகத்தில் ஒரு யோசனை தங்கியது. அன்று காலைதான் டாக்டர் என்னைத் தன் அறைக்குத் தனியே கூப்பிட்டு, அறுவை செய்து பயனில்லை, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லியிருந்தார். உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

"மறுபடியும் அந்த எடத்துக்கு வர்றதுக்கு எவ்வளவு நாளாவும்?" என்று கேட்டாய்.

நான் மனதுக்குள் நாள் கணக்குப் போட்டேன்.

"அண்ணன் வந்தானா இல்லியான்னு தெரியாமலே போயிடுவேன் போல" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாய். முடிவை எப்படியாவது கண்டுபிடித்து வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். முதலில் நேரு வீதியில் சிடி கடைகள். ஜப்பான் கார்ட்டூன் என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. தொடரின் பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பிறகு ஒரு பிரவுசிங் சென்டர். அதற்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. அங்கே இருந்த பெண், "பேரனுக்கா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் மனைவிக்கு."

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுத் தேடித் தந்தாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். யாரோ ஒரு ரசிகர் கதையின் முடிவைச் சில வரிகளில் எழுதியிருந்தார். அண்ணனின் கப்பல் போன முதல் மாதமே மூழ்கிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹானாவிடம் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசிப் பகுதியில் அந்தக் கிழவர் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். வந்துவிட்டான் என்று சொல்லலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. வார்டில் எல்லோருமே நோயாளிகள், அவர்கள் முன்னால் இதைச் சொல்வது சரியா என்றும் இருந்தது. ஆனால் நிச்சயமாகத் தெரிந்ததைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதோ சொன்னதோ இல்லை. பொய் சொல்லும் தைரியமும் இல்லை, உண்மை சொல்லும் தைரியமும் இல்லை. பொய் சொன்னால் அது பத்திரத் தமிழில் வந்துவிடும், நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய் என்றும் பயந்தேன்.

வார்டு தயாராக இருந்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்களாய்யா? வந்துட்டானா?" என்றாள் பாகூர்ப் பெண்.

நான் குடுவையை வைத்தேன். மூடியைத் திறந்தேன். மூடினேன்.

"அவரு மொகத்தப் பாருங்க. வரல" என்றாய் நீ.

முஸ்லிம் அம்மா ஏதோ முணுமுணுத்தபடி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை.

"சரி. அப்புறம் அந்தப் புள்ள என்னா பண்ணிச்சு?" என்றாய்.

"தெரியலம்மா. அதோடு கதை முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா? அண்ணன்தான் போயிட்டான். அது இருக்குதுல்ல? அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுச்சா?"

நீ என் கையைப் பிடித்திருந்தாய். நாலு பேர் நடுவில் நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. எங்கும் எழுதப்படாத, யாரும் சாட்சி சொல்ல முடியாத ஒன்றை நான் அப்போதுதான் முதலில் சொன்னேன்.

"சாப்பிட்டுச்சு."

"என்னா சாப்பிட்டுச்சு?"

"கஞ்சி. கொஞ்சமா."

"தொட்டுக்க?"

"...கருவாடு."

"ஜப்பான்ல கருவாடு ஏதுய்யா?" என்று பாகூர்ப் பெண் கேட்டாள். "கடல் இருக்குதில்ல, கருவாடு இல்லாமலா போவும்? நீ சும்மா கெட" என்று அவளை அடக்கினாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு மீதியச் சொல்லுங்க" என்றாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் சொன்னேன். கருவடிக்குப்பத்து வீட்டுக் கூடத்தில், மாலையில், உன் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு. நான் அவசரப்பட்டு ஹானாவுக்கு ஊரார் விருந்து வைத்தார்கள் என்பேன். நீ தடுப்பாய். "தனியா இருக்கறவங்க மத்தியானம் ஒலை வெக்க மாட்டாங்க. ராத்திரிக்கு மட்டும் வெக்கச் சொல்லுங்க. போவப் போவ ரெண்டு வேளையும் வெக்கட்டும்." ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள் என்றேன். கண்ணைத் திறக்காமலே வேண்டாமென்று தலையசைத்தாய். "அதுக்குள்ள சிரிக்க வெக்காதீங்க. கொஞ்ச நாள் போவட்டும்."

யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

வரைந்த முகத்துக்கு ஏன் மனிதர்கள் இப்படி உருகுகிறார்கள் என்று இப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. படித்தவன் என்று பெயர், ஆனால் இதைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. உயிருள்ள நடிகை அழுதால் அது அவளுடைய அழுகை. இந்தப் பெண்கள் நாம் ஏதாவது கொடுக்கும் வரை வெறும் கோடுகள். கொடுத்த பிறகு நம்மை விட்டுப் போவதில்லை. எனக்கு எட்டியது இவ்வளவுதான்.

இத்தனை வருடமாகியும் கதையை நான் நிறுத்தவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் மாலையில் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஹானா அன்று என்ன செய்தாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். நீ சொன்னபடிதான் நடத்துகிறேன். முதலில் இரவுக்கு மட்டும் உலை. பிறகு இரண்டு வேளை. விளக்கை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் துறைமுகத்தெருவில் சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டாள். கப்பல் வந்தால் இப்போதும் எட்டிப் பார்க்கிறாள், ஆனால் இறங்கிப் போய்க் கேட்பதில்லை.

இன்று சந்தையில் மீன் வாங்கினாள். மீன்காரி எடையில் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டு, அகப்பட்டுக்கொண்டதும் வானத்தைப் பார்த்தாள். ஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திட்டமிடவில்லை, தானாக வந்துவிட்டது. அதிகமில்லை, உதடு மட்டும் கொஞ்சம்.

சீக்கிரமாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.