இடப்பக்கப் பெட்டி

ஜூன் 3, 2024

மீன் சந்தையிலிருந்து திரும்பினால் வாசலில் "ஓம்புங்" என்று பாட்டியைக் கூப்பிட்டபடி பேத்தி ரொத்துவா. மேடானிலிருந்து கம்ப்யூட்டரோடு வந்து இறங்கியிருக்கிறாள். எங்கள் வம்சாவளியை வலைப்பக்கமாகச் செய்யப் போகிறாளாம். பேரைத் தொட்டால் பிள்ளைகள் கிளை கிளையாக விரிவார்களாம். ஜகார்த்தாவில் இருப்பவனும் போனிலேயே பார்க்கலாம். ஜூலை ஆறாம் தேதி முன்னோர் நினைவுத் தூண் திறப்பு விருந்து. அதற்குள் முடிக்க வேண்டும்.

"ஆம்பளைங்க எழுதின வம்சாவளிப் புத்தகத்துல மகன்கள் பேரு மட்டும்தான் இருக்கு ஓம்புங். பொண்ணுங்க, மருமகளுங்க எல்லாரும் உன் தலைக்குள்ளதான் இருக்காங்க."

மூன்றாம் வகுப்போடு நின்ற தலை. இப்போதாவது ஒருத்தி கேட்டாளே.

ஜூன் 5

இருநூற்றுப் பதினோரு பேர் சொன்னேன். ஒவ்வொரு பேருக்கும் கீழே 'குறிப்பு' என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கும் சொன்னேன். இவன் எங்கள் எருமையை இரவல் வாங்கிப் போய் நொண்டியாகத் திருப்பி ஓட்டி வந்தவன். இவள் என் கல்யாணத்தில் கறிக்கு உப்பில்லை என்றவள். ரொத்துவா தட்டுவதுபோல விரலை ஆட்டினாள். திரையில் ஒன்றும் ஏறவில்லை. எனக்குக் கண் நன்றாகவே தெரியும்.

ஜூன் 9

சர்ச் முடிந்து வந்ததும் வம்சாவளிப் படத்தைக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் போலினும் அவர் தம்பி பிஸ்தோக்கும் இரட்டைப் பிள்ளைகள். இருவரும் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. படத்தில் பிஸ்தோக் இடப்பக்கம், என்னவர் வலப்பக்கம்! இடப்பக்கம் இருப்பவன்தானே மூத்தவன்?

"யார் மொதல்லன்னு நீ சொல்லல ஓம்புங். மெஷின் எழுத்து வரிசையில போட்டுடுச்சு."

"எழுத்தா பெத்துச்சு அவங்கள?"

மாற்றினாள்.

இது சின்ன விஷயமா? விருந்தில் பன்றித் தலைப் பங்கு மூத்தவன் வீட்டுக்குத்தான். இளையவன் பெண்டாட்டி மூத்தவன் பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிட வேண்டும். பிஸ்தோக் பெண்டாட்டி லாம்ரியா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஐம்பது வருஷமாக அவளும் என்னை அக்கா என்றதில்லை, நானும் அவளைச் சொன்னதில்லை. "ஏ", "இங்க பாரு" – அவ்வளவுதான். 1974-இல் மாமனார் சாவில் யார் மூத்தவன் என்று பெரியவர்கள் மாமியாரைக் கேட்டார்கள், அழுதுகொண்டே கையைக் காட்டினார், தலைப் பங்கு லாம்ரியா வீட்டுக்குப் போயிற்று. இரண்டு காதோடும் போயிற்று. அந்தக் காதுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஜூன் 10

என்னவர் பேர்ப் பெட்டி மறுபடி வலப்பக்கம்! சொந்தக்காரர் யாரானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறாள் இந்தப் பைத்தியம். திருத்தியது லாம்ரியாவின் மகள் தியார்மா. அவளுக்கு யார் ஓதியிருப்பார்கள்?

ஜூன் 11

இடம்.

ஜூன் 12

வலம்.

ஜூன் 13

இடம். நானே கற்றுக்கொண்டேன். பெட்டிமேல் விரலை அழுத்தி இழுக்க வேண்டும். காலை ஜெபத்துக்கு அப்புறம் ஒரு தரம், காப்பிக்கு அப்புறம் ஒரு தரம்.

ஜூன் 15

ரொத்துவா பூட்டிவிட்டாள். "நாளைக்கு ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காந்து சாட்சி சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பெட்டியையும் எடுத்துடுவேன்."

எடுத்தால் கீழே தொங்கும் இவளும்தானே போவாள்? கேட்டேன். "போறேன்" என்றாள். என் பேத்திதான்.

ஜூன் 16

லாம்ரியா வீட்டுக்குப் போனோம். மாமியார் என்னிடம் மட்டும் சொன்ன ரகசியத்தை உடைத்தேன். "மொதல்ல வந்தது போலின்தான். கால்ல செகப்பு நூல் கட்டி வச்சேன். சாவு வீட்டுல அழுகையில தப்பாக் கை காட்டிட்டேன். வெளிய சொல்லாத, அவ மனசு ஒடஞ்சிடும்" – இப்படித்தான் சொன்னார். ஒரு எழுத்து விடவில்லை நான்.

லாம்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செகப்பு நூலா?"

"ஆமா."

"அவ மனசு ஒடஞ்சிடும்னா சொன்னாங்க?"

"ஏன், உனக்கென்ன?"

"எனக்கும் அதேதான் சொன்னாங்க. நூலு மட்டும் பிஸ்தோக் கால்ல."

பிறகு லாம்ரியா மெதுவாகக் கேட்டாள், "அவங்க அதச் சொன்ன அன்னிக்கு, நீ அவங்களுக்குச் சாப்பிட என்ன கொண்டு போன?"

"மஞ்சள் மசாலாவுல வத்த வச்ச கெண்டை. சினையோட. நீ?"

"பன்னி ரத்தக் கறி. ஒரு சட்டி. வழிச்சுத் தின்னாங்க."

கிழவி! அடி கிழவி! செத்த நாள் வரைக்கும் இரண்டு வீட்டுச் சாப்பாடு! லாம்ரியா சிரித்த சிரிப்பில் பல்செட் மடியில் விழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஐம்பது வருஷமாக இவள்மேல் வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டு போய் வைப்பேன்?

ஜூன் 18

ரொத்துவாவின் தீர்ப்பு: ஒற்றைப்படைத் தேதியில் ஒருவர் இடப்பக்கம், இரட்டைப்படையில் மற்றவர். வலைப்பக்கம் தானாகவே மாற்றிக்கொள்ளும். அன்றன்றைக்கு யார் இடப்பக்கமோ அந்த வீடுதான் மூத்த வீடு. பங்கும் அப்படி, அக்காவும் அப்படி.

முந்திக்கொண்டு ஒற்றையைக் கேட்டேன். முப்பத்தொன்று வரும் மாதமெல்லாம் ஒரு நாள் லாபம். லாம்ரியா வாயே திறக்காமல் தலையாட்டினாள். பாவம், வயசாகிவிட்டது.

ஜூலை 5

விருந்து ஆறாம் தேதி.

ஆறு!

ஜூலை 6

பெரிய திரையில் வம்சமே விரிந்தது. பெண்கள் பேர் வர வர கிழவிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். என் வாயிலிருந்து போன பேர்கள்.

தலைப் பங்கு லாம்ரியா வீட்டுக்கு. நான் "அக்கா" என்றேன். கேட்கவில்லை, மைக்கில் சொல் என்றாள் படுபாவி.

ஜூலை 7

சர்ச்சில் லாம்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு... அக்கா."

பாட்டுப் புத்தகத்தைக் கடைசி வரை தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். ரொத்துவா சொன்னாள்.

மத்தியானம் மூடிய தட்டு ஒன்று வந்தது. ஒரு காது.

ஜூலை 12

மாமியார் பெட்டியில் குறிப்பு காலியாக இருந்தது. லாம்ரியாவும் நானும் சேர்ந்து சொன்னோம்: நன்றாகச் சாப்பிட்டவர். இந்த முறை ரொத்துவா நிஜமாகவே தட்டினாள்.

ஆகஸ்ட் 1

நேற்று முப்பத்தொன்று, இன்று ஒன்று. சேர்ந்தாற்போல் இரண்டும் என் நாள். லாம்ரியா இரண்டு நாளாக வெளியே தலை காட்டவில்லை. முழங்கால் வலியாம்.

கெண்டை செய்து எடுத்துப் போனேன். "வா" என்றாள். சாப்பிட்டாள், முள்ளை எண்ணி எண்ணி எடுத்தாள். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாள்.

நாளைக்கு இரண்டாம் தேதி, அவள் நாள். தெரிந்துதான் கேட்கிறாள்.

இன்னொரு கெண்டை வாங்க வேண்டும்.