சகலபாடி பறக்கிற வியாழக்கிழமை

ஏப்ரல் 16, 1960, சனி

நாகலாபுரம் ஆந்திராவோடு சேர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. வெயில் அதே வெயில். புதிதாக வந்திருப்பது என் சகலபாடி சிட்டிபாபு மட்டும் — என் பெண்டாட்டி யசோதாவின் தங்கையைக் கட்டியவன். பெங்களூரில் கிளைடர் ஓட்டக் கற்றிருக்கிறான். எஞ்சின் இல்லாத விமானமாம். இறக்கையைக் கழற்றி லாரியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான், எங்கள் வறண்ட ஏரியில் ஜீப்பில் கயிறு கட்டி இழுக்கவிட்டுப் பறந்து காட்ட.

மாமியார் பொன்னியம்மாள் புத்தூரிலிருந்து கோழியோடு வந்து இறங்கிவிட்டாள். தொடை அவனுக்கு. பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ள எனக்குக் கழுத்து.

ஏப்ரல் 17, ஞாயிறு

மழைமானியில் தினமும் தண்ணீர் அளக்கிற குமாஸ்தா நான். அதனால் சிட்டிபாபு என்னிடம் யோசனை கேட்க வந்தான்.

“காலைல காத்து செத்துக் கெடக்கும்ணா. தரை நல்லா காஞ்சி, பஞ்சு பஞ்சா மேகம் கட்டினா அதுக்கு அடியில சூடு காத்து மேல தூக்கும். ஒன்றரைலேர்ந்து மூணு வரைக்கும். அப்புறம் கடல் காத்து வந்து சூட்ட அணைச்சிடும். எந்த நாளு வெச்சிக்கலாம்?”

கிளம்பும்போது, “பின்னாடி ஒரு சீட்டு இருக்குண்ணா. அது உங்களுக்குத்தான்.”

மனசு குதித்தது. வாய் மட்டும் “பாக்கலாம்” என்றது. அவன் கொடுத்து நான் வாங்குவதா?

ஏப்ரல் 18, திங்கள்

இடி, மழை. சிட்டிபாபு தார்ப்பாயைப் போட்டுக் கிளைடரை மூடினான். என் பெண்டாட்டி அவனுக்குக் குடை பிடித்தாள்.

ஏப்ரல் 19, செவ்வாய்

வானம் வெளுத்துவிட்டது. நாளைக்கே பறக்கலாம். “தரை ஈரம்ப்பா, வியாழன் வெச்சிக்கோ” என்றேன்.

வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். பெங்களூர்க்காரனுக்கு அந்த ஞாபகம் இல்லை. மாமியாருக்கு ஞாபகப்படுத்தத்தான் பெரிய மாப்பிள்ளை இருக்கிறேனே.

ஏப்ரல் 20, புதன்

மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். காதில் போட்டேன். அவ்வளவுதான்.

“ராவுகாலத்துல எம் புள்ளய ஆகாசத்துல ஏத்தறதா? மூணு அடிக்காம எவனாவது கயித்தத் தொட்டீங்க, நான் ஜீப்பு முன்னால படுத்துக்குவேன்!”

“அத்தே, அதுக்குள்ள கடல் காத்து வந்துடும்!” என்று கெஞ்சினான் சிட்டிபாபு.

“வரட்டுமே. குளுகுளுன்னு போ.”

சிரிப்பை அடக்கக் கொல்லைப்பக்கம் போக வேண்டியதாயிற்று. பின் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதுகுப் பிடிப்பு. ஊரே பார்க்க, ஏறின கையோடு தரை தட்டப்போகிற சாமானில் நான் எதற்கு?

“அப்ப நான் போறேன்” என்றாள் யசோதா. போகட்டுமே.

ஏப்ரல் 21, வியாழன்

மூன்று அடிப்பதற்குள் வேப்பமரங்கள் மேற்கே சாய்ந்தன. கடல் காற்று. சிட்டிபாபுவின் முகம் தொங்கியது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி.

ஜீப் கயிற்றை இழுத்தது. கிளைடர் ஏறியது. கயிறு கழன்று விழுந்தது. இதோ இறங்கிடும், இதோ —

இறங்கலையே! கிழக்கே இருந்து வந்த காத்து நேரா போய் ஊருக்கு மேற்கால நிக்கிற நம்ம மலையில முட்டி மேல ஏறுதாம். அந்தப் பாவி மலையோரமா போய் அது மேல ஏறி உக்காந்துக்கினான். போறான், வர்றான், போறான், வர்றான். வெயில் சாயற வரைக்கும்! எங்க ஊர் மலை. நான் தள்ளிவெச்ச நேரம். என் சீட்டு. என் பொண்டாட்டி. நான் மட்டும் கீழே. அதுக்கு மேல என்னால அண்ணாந்து பாக்க முடியலை.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல வேளை ஞாபகப்படுத்தின மாப்ள! நீ சொல்லாங்காட்டி என்னா ஆயிருக்கும்?”

இத்தனை வருஷத்தில் முதல் பாராட்டு. விழுங்க முடியவில்லை.

ஏப்ரல் 26, செவ்வாய்

சிட்டிபாபு போய்விட்டான். கூடம் நிறையத் தெருப் பெண்கள். இந்த வீட்டில் கதை சொல்லிச் சிரிக்கவைப்பவன் இதுவரை நான்தான். இன்று எல்லாருக்கும் மோர் எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா யசோதாவைக் கேட்டாள்: “மேலேர்ந்து உங்க வூட்டுக்காரரு தெரிஞ்சாரா?”

“தெரியாம? ஊரே மூஞ்சியத் தூக்கிக்கினு நிக்குது. ஒரே ஒரு வழுக்கை மட்டும் குனிஞ்சிக்கினு, வெயில்ல பளபளன்னு மின்னுது. அத அடையாளம் வெச்சித்தான் சிட்டிபாபு ஏரியில எறக்குனாரு!”

கூடம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

நல்ல நகைச்சுவை. எனக்கு ஏன் தோன்றவில்லை?