ராஜகிரி ஏறும் முதலீட்டாளர் சங்கத்தைப் பதிவு செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சூ. தோமினிக்,
செயலாளர்,
செஞ்சி வட்டாரத் துணிகர முதலீட்டாளர் சங்கம் (பதிவுக்குக் காத்திருப்பது),
திண்டிவனம் சாலை, செஞ்சி.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
சங்கங்கள் பதிவுப் பிரிவு.

பொருள்: சங்கப் பதிவு – மலையேறும் குழு எனக் கருதப்பட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது – நாங்கள் தொழில் சங்கமே என விளக்கம் அளித்தல் – 28.02.2026க்கு முன் சான்றிதழ் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. எங்கள் விண்ணப்பம், நாள் 12.01.2026.
2. தங்கள் அலுவலகத் திருப்பக் குறிப்பு, நாள் 06.02.2026.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பணிவான வணக்கம்.

1. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுவை இவ்வளவு பரபரப்போடு எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நான்காவது. இதைப் புகார் மனுவாகவே கொடுக்கிறேன். ஆனால் புகாரில் பாதிக்கு மேல் என்மீதுதான் என்பது படிக்கப் படிக்கத் தங்களுக்கே தெரியும்.

2. நான் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுபவன். என்னைப் போல இந்த வட்டாரத்தில் தொழில் செய்து கொஞ்சம் சேர்த்துவைத்த பதினொரு பேர் கூடி இந்தச் சங்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். தலைவர் அரிகிருஷ்ணன் அரிசி ஆலை வைத்திருப்பவர். பொருளாளர் தரணேந்திரன் மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்தவர், மணிலா, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. துணிகர முதலீடு என்றால் வட்டிக்கு விடுவதல்ல, சீட்டும் அல்ல. புதிதாகத் தொழில் தொடங்குபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய நிறுவனத்தில் பங்கு வாங்கிக்கொள்வது. தொழில் வளர்ந்தால் நாமும் வளர்வோம், படுத்துவிட்டால் போட்டது போனதுதான். சங்கம் யாரிடமும் முதலீட்டுப் பணம் வாங்காது. இப்படிப் பணம் போடுபவர்களை ஒன்றுசேர்ப்பது, அவர்களுக்கு ஒழுங்குமுறை வகுப்பது, புதிய தொழில்முனைவோரை அவர்களுக்கு அறிமுகம் செய்வது, சென்னை முதலீட்டாளர்களோடு பேசுவது ஆகியவையே அதன் வேலை. செஞ்சியில் இப்படி ஒரு சங்கம் என்று சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, அம்மா.

3. இனி மலை விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நாங்களும் ஏசி அறையில்தான் கூடினோம். பணம் கேட்டு வந்தவர்கள் திரையில் படம் காட்டினார்கள். எல்லாருடைய படத்திலும் கோடு மேலே மேலே போயிற்று. எங்களுக்கோ எதை நம்புவது என்று தெரியவில்லை. ஒருநாள் மின்சாரம் நின்றுவிட்டது. அரிகிருஷ்ணன் எழுந்து, வாருங்கள், கோட்டைக்குப் போய்ப் பேசுவோம் என்றார். நுழைவுச்சீட்டு எடுத்து ராஜகிரி ஏறினோம். அன்று பணம் கேட்டு வந்தவர் நகரத்துக்காரர். அறையில் தமக்கு நானூறு வாடிக்கையாளர்கள் என்று சொன்னவர், பாதி மலையில் நாற்பது என்றார். உச்சிக்கு முன்னால் இருக்கும் பாலத்தருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் ஒருவர்கூட இல்லை என்று அவராகவே ஒப்புக்கொண்டார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது மனிதனுக்குப் புளுகத் தெம்பு இருப்பதில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு இதுவே வழக்கம். பணம் கேட்பவர் எங்களோடு மலை ஏற வேண்டும். ஏறும்போது அவர் பேசுவார், உச்சியில் நாங்கள் கேட்போம், இறங்கும்போது முடிவெடுப்போம். நடக்க முடியாதவர் வந்தால், அவரோடு அடிவாரத்தில் கோட்டையின் பழைய கட்டடமான கல்யாண மகாலைச் சுற்றி வருவோம்.

4. இந்த வழக்கத்தின்மேல் எனக்கிருந்த ஆசைதான் வினையாக வந்தது. ஆடிட்டர் நல்ல மாதிரித் துணைவிதிகள் கொடுத்திருந்தார். நான் அதில் கைவைத்தேன். மொத்தம் இருபத்திரண்டு விதிகளில் ஒன்பது மலையைப் பற்றியவை. தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு விதி, குரங்குகளிடம் பையைக் காட்டாதிருக்க ஒரு விதி. பொருளாளர் பொழுது சாய்ந்த பின் சாப்பிடமாட்டார் என்பதால், எல்லாரும் நேரத்தோடு இறங்கி அவருடன் சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி. சங்கத்தின் முதல் நோக்கம் என்ற இடத்தில் ‘மாதம் ஒருமுறை ராஜகிரி ஏறுதல்’ என்று என் கையாலேயே எழுதினேன். சங்கத்தின் பெயரை விட்டால், முதலீடு என்ற சொல் பதினேழாம் பக்கத்தில்தான் வருகிறது. இதைப் படித்த எவரும் மலையேறும் குழு என்றுதான் நினைப்பார்கள். விளையாட்டுத் துறையின் பரிந்துரையும் உறுப்பினர்களின் உடல்தகுதிச் சான்றும் தங்கள் அலுவலகம் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நேரில் போனபோது பிரிவு உதவியாளர் அம்மையார் கோபப்படவும் இல்லை. “இன்னா சார் இது, குரங்குக்குக்கூட விதி போட்டுக்கீறீங்க, பணத்துக்கு எங்க சார் விதி?” என்று மட்டும் கேட்டார்.

5. அப்படியானால் புகார் எதைப் பற்றி என்று தாங்கள் கேட்கலாம். திருத்திய துணைவிதிகளை நான் 12.02.2026 அன்று கொண்டுபோனேன். புதிய விண்ணப்பமாகக் கொடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும், நாற்பது நாளாவது ஆகும் என்றார்கள். அந்த நாற்பது நாள்தான் எங்களைக் கொல்கிறது. காரணம் மஞ்சு.

6. மஞ்சு அவலூர்பேட்டையைச் சேர்ந்தவர், வயது இருபத்தாறு. மூட்டையிலிருந்து நெல் எடுத்துப் பார்க்கும் குத்தூசி போல ஒரு கருவி செய்திருக்கிறார். அதைக் குத்தினால் மூட்டையின் நடுவில் எவ்வளவு ஈரம் என்று எண்ணாகக் காட்டும். களத்திலேயே பார்த்துவிட்டு, இன்னொரு நாள் காயவைப்பதா, இன்றே வண்டியில் ஏற்றுவதா என்று விவசாயி முடிவு செய்யலாம். சந்தையில் வேறு கருவிகள் உண்டு. ஆனால் இந்த விலைக்கு இல்லை. அவலூர்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ஆறு பெண்கள் அவருடன் வேலை செய்கிறார்கள்.

7. டிசம்பரில் அவர் எங்களோடு மலை ஏறினார். இரண்டாவது வாசலுக்கு மேல் ஒரு குரங்கு அவருடைய பையைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் தாவியது. உள்ளே இருந்தது அன்று அவர் கொண்டுவந்திருந்த ஒரேயொரு மாதிரிக் கருவி. நாங்கள் பதினொரு பேரும் கூச்சல் போட்டோம், அவர் போடவில்லை. குரங்கு பையைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கருவியைக் கீழே எறிந்தது. இருபதடி இருக்கும், பாறைமேல் விழுந்து உருண்டது. மஞ்சு போய் எடுத்துத் துடைத்து, தரணேந்திரன் கையில் இருந்த மணிலாப் பொட்டலத்தில் குத்திக் காட்டினார். எண் வந்தது. “மூட்டையோட மூட்டையா உருளறதுக்குத்தாங்க இத்த செஞ்சேன்” என்றார். உச்சிக்குப் போகும் முன்பே பதினொரு பேரும் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டோம். எங்கள் விதிப்படி அது செல்லாது என்பதால், இறங்கும்போது மறுபடியும் எடுத்தோம்.

8. ஆனால் அவருக்குத் தேவையானது எங்கள் பதினொரு பேர் சக்திக்கு மீறியது. சென்னை முதலீட்டாளர்கள் சிலரோடு பேசினோம். அவர்கள் எங்களோடு சேர்ந்து முதலீடு செய்யச் சம்மதித்து, 28.02.2026 சனிக்கிழமை செஞ்சிக்கு வருகிறார்கள், மலையும் ஏறுகிறார்கள். பதிவு பெற்ற சங்கத்தின் உறுப்பினர்களோடு மட்டுமே சேர்வது அவர்களுடைய வழக்கம். இதற்கிடையே பெங்களூரு நிறுவனம் ஒன்று முழுப் பணமும் தருவதாக மஞ்சுவிடம் சொல்லியிருக்கிறது, தொழிலை அங்கே மாற்ற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அவர்களிடம் மார்ச் முதல் தேதி வரை அவர் அவகாசம் கேட்டிருக்கிறார். ஊரை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. எங்களுக்காக அவர் பொறுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

9. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: இத்துடன் இணைத்துள்ள திருத்திய துணைவிதிகளைப் புதிய விண்ணப்பமாகக் கொள்ளாமல், பழைய விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக ஏற்று, 27ஆம் தேதிக்குள் பரிசீலித்து உத்தரவிட வேண்டும். மலை விதிகள் ஒன்பதையும் நீக்கிவிட்டோம். முதலீட்டைப் பற்றிய விதிகள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. மலை ஏறுவதை மட்டும் நிறுத்தவில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குறை இன்னும் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

10. சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை மஞ்சு எங்களோடு ஏறி இறங்குவார். பிறகு நாங்கள் எல்லாரும் பொருளாளரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவரைச் செஞ்சி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவோம். அங்கே அவலூர்பேட்டை பஸ்ஸும் நிற்கும், பெங்களூரு பஸ்ஸும் நிற்கும். அவர் எதில் ஏறுவார் என்பது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

நல்ல செய்தியை எதிர்நோக்கி,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) சூ. தோமினிக்

இடம்: செஞ்சி
நாள்: 16.02.2026

இணைப்பு: திருத்திய துணைவிதிகள், பதினொரு உறுப்பினர்களின் கையொப்பத்துடன்.