கர்னலின் கேலி

துகான்
நவம்பர் 9

என் அடிமை தெலெஸ்ஃபோருக்கு,

உன் எஜமானி யூஃப்ராசி எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? வீட்டுச் சுவரில் குண்டு ஏதும் படவில்லையே? இது விசாரிக்கும் நேரமல்ல. ஆனாலும் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்றுதான் கன்னியர் மடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொலைபேசி செத்துக் கிடக்கிறது. இந்தக் கடிதத்தைப் பேருந்து ஓட்டுநர் லாசினா தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

நேற்றுக் காலை வானொலியில் ராணுவ வாத்தியம் மட்டும் கேட்டது. அதன் பிறகு கர்னல் நிக்கியேமாவின் குரல். அதிபர் இறந்துவிட்டாராம். எப்படி இறந்தார் என்று சொல்லவில்லை. கடைசியில் உன் பெயர் வந்தது. இடைக்கால அரசு அமைக்க, கறைபடாத ஓய்வுபெற்ற நீதிபதி தெலெஸ்ஃபோர் சிம்போரேயை அழைத்திருக்கிறார்களாம். தரையில் சிந்திய இரத்தத்தின்மேல் விரிக்க அவர்களுக்கு ஒரு வெள்ளைத் துணி வேண்டியிருக்கிறது, தம்பி. அந்தத் துணி நீ.

என் மகன் அன்செல்ம் அதிபரின் காவல்படையில் கேப்டன் என்று உனக்குத் தெரியும். அவர்கள் நண்பகல் வரை சண்டையிட்டார்கள். தலைநகரிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் அவனைப் பார்த்திருக்கிறார். நடுச்சாலையில், கைகளைத் தலைமேல் வைத்து முழங்காலிட்டிருந்தானாம். காதிலிருந்து இரத்தம் ஓடியதாம். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவனை அவன் கண்ணெதிரே சுட்டார்களாம். இவனை முகாமுக்கு ஏற்றிப்போனார்களாம்.

என் கணவர் உயிரோடிருந்தால் நண்பனாக உன்னிடம் கேட்டிருப்பார். நண்பனுக்கு மறுக்கும் உரிமை உண்டு. அதனால் நான் சாமோ குலத்தவளாக, மோசி குலத்தவனான உன்னிடம் கேட்கிறேன். சாமோ வாய்விட்டுக் கேட்டதை மோசி மறுக்கக் கூடாது. சாமோவின் இரத்தத்தை மோசி சிந்தக் கூடாது. நம் இரு குலங்களுக்கும் நடுவே ‘அடிமை’, ‘எஜமானி’ என்ற வசையையும் கேலியையும் தவிர வேறு ஆயுதம் இல்லை என்று நம் முன்னோர் சத்தியம் செய்தது இதற்காகத்தான். கர்னலும் மோசி, நீயும் மோசி. அரசு அமைக்க நீ வைக்கும் முதல் நிபந்தனை என் மகனாக இருக்கட்டும். அவன் வெளியே வந்த பிறகு பதவி ஏற்றுக்கொள்.

கழுதைக்கறி தின்னும் கூட்டத்தில் பிறந்தவனே, சீக்கிரம் பதில் எழுது.

யூஃப்ராசி பாரே

---

வாகதூகு
நவம்பர் 12

நாய்த்தலை தின்னும் என் அண்ணிக்கு,

வணக்கங்களும் வசைகளும். உங்கள் கடிதம் வியர்வையில் நனைந்து வந்துசேர்ந்தது. மை கலைந்திருந்தாலும் ‘அடிமை’ என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. படித்ததும் உயிர் வந்தது.

அன்செல்ம் உயிரோடு இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் என் கண்ணால் பார்த்தேன். இடது கை வீங்கியிருக்கிறது, ஒரு கண் திறக்கவில்லை. நான் கூப்பிட்டதும் நிமிர்ந்தான். “சித்தப்பா, அம்மாகிட்ட நான் நல்லா சாப்பிடறேன்னு சொல்லுங்க” என்றான். சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

என்னைச் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். சந்தை முனையில் உடல்களை இன்னும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிய சிப்பாய், ஓர் உடலின் காலைச் சுற்றிப் போகாமல் அதன்மேலேயே ஏற்றினான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. “பள்ளம் ஐயா” என்றான். நான் அவனிடம்…

பேச்சுவார்த்தை வங்கிக் கட்டடத்தில் நடக்கிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. கர்னல் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார். தொழிற்சங்கக்காரர்களும் கட்சிக்காரர்களும் சுரங்க அமைச்சு யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மற்றவரின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தே விட்டார். பேராயரின் செயலர் ஜெபிப்பதுபோல் கண்ணை மூடித் தூங்குகிறார். நான் இடைக்கால சாசனத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணி, இந்த நாட்டில் எவரையும் குற்றச்சாட்டு இல்லாமல் அடைத்துவைக்கக் கூடாது என்று ஒரு பிரிவை நுழைத்துவிட்டேன். யாரும் எதிர்க்கவில்லை.

அன்செல்ம் பேச்சை எல்லோர் முன்னாலும் எடுத்தேன். கர்னல் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, “அந்த நாய்தின்னிப் பயலா? விடுங்க பெரியவரே. அவன் தலையையே குழம்பு வெச்சு, சட்டியோட அவங்க அம்மாவுக்கு அனுப்பிடறேன். ஆசையா சாப்பிடுவாங்க” என்றார். அறையே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அத்தனை நாள் இறுக்கத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு மழைபோல் இருந்தது. “குழம்புல உப்பு ஜாஸ்தி போட்டுறாதீங்க கர்னல், அந்தம்மா பயங்கர கண்டிப்பு” என்று நானும் சொல்லிவைத்தேன்.

ஆகவே நிம்மதியாக இருங்கள். ஒரு சாமோவை இப்படிக் கேலி செய்யும் மோசி அவன்மேல் கைவைக்க மாட்டான். நம் கேலி முறை இன்னும் உயிரோடிருக்கிறது. பதவியேற்பு முடிந்ததும் பொதுமன்னிப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் பொறுங்கள், அதற்குள்…

உங்கள் அடிமை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் எஜமான்,
தெலெஸ்ஃபோர்

---

துகான்
நவம்பர் 14

முட்டாள் அடிமைக்கு,

இந்த முறை வசை கேலி அல்ல.

என் கணவரின் அடக்கத்தன்று நீ அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, குழிக்குள் இறங்கிப் படுத்து, “இந்த நாய்தின்னி எனக்குச் சோளக்கள் பாக்கி வெச்சிருக்கான், தராம மூட விடமாட்டேன்” என்று கத்தினாய். நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அது கேலி. ஏன் தெரியுமா? உன்னைத் திருப்பி வைய எனக்கு வாய் இருந்தது. அந்த அறையில் என் மகன் இருந்தானா? அவனுக்குத் திருப்பிச் சொல்ல வாய் கொடுத்தார்களா? கையைக் கட்டி வேறிடத்தில் போட்டுவைத்தவனைப் பற்றிச் சொன்னதற்குக் கேலி என்று பெயர் இல்லை. நீதிபதியாக இருந்தவன், எதிர்த்தரப்பு இல்லாமல் தீர்ப்பு வாசிக்கப்பட்டதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாய்.

இங்கே நடந்ததையும் கேள். புதன்கிழமை ஒரு வண்டி நிறையச் சிப்பாய்கள் வந்தார்கள். மாவட்ட ஆட்சியரின் கால்களைக் கயிற்றால் கட்டிச் சந்தையைச் சுற்றி இழுத்தார்கள். இரண்டாவது சுற்றில் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் முகத்தில் மோசிகள் குலச் சின்னமாகக் கீறிக்கொள்ளும் தழும்புகள்.

“டேய் அடிமை, எஜமானி வீட்டுக்குள்ள செருப்போட வருவியா? கழட்டிட்டு வா” என்றேன்.

அவன் உதடு ஓரமாக அசைந்தது. சிரிக்கத்தான் போனான். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு திரும்பித் தன் அதிகாரியின் முகத்தைப் பார்த்தான். அந்தச் சிரிப்பை விழுங்கினான். துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி, என் பக்கத்தில் நின்ற சமையல்காரி தெரேசின் வாயில் இடித்தான். பற்கள் தரையில் விழுந்தன. அவளை நான்தான் கழுவித் துடைத்தேன். இன்னும் கஞ்சிகூட இறங்கவில்லை.

அவனுக்கு முறை தெரியும், தெலெஸ்ஃபோர். தெரிந்துதான் அடித்தான். உன் கர்னலுக்கும் தெரியும். நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் அதைச் சொன்னார்.

பதவி ஏற்காதே. நீ கையெழுத்துப் போடாதவரைதான் அவர்களுக்கு நீ வேண்டும். முகாம் வாசலில் என் மகன் தன் காலில் நிற்பதைப் பார்த்த பிறகு பேனாவைத் தொடு. உன் கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் தொங்குகின்றன. பயந்தவன்தான் வாக்கியத்தை முடிக்கமாட்டான். பயப்படு, பரவாயில்லை. ஆனால் கையெழுத்துப் போடாதே.

யூஃப்ராசி

---

வாகதூகு
நவம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

லாசினாவின் பேருந்தை வழியில் தடுத்து வைத்திருந்தார்கள். உங்கள் கடிதம் இன்று பிற்பகல்தான் என் கைக்கு வந்தது. நான் நேற்றுக் காலை பதவி ஏற்றேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அன்செல்ம் இல்லை. நேற்று மாலை, முகாமிலிருந்து தப்பிக்க முயன்றபோது சுடப்பட்டதாக எனக்கு அறிக்கை தந்திருக்கிறார்கள். நான் பொதுமன்னிப்பு ஆணையை எடுத்துக்கொண்டு கர்னலின் அறைக்குப் போனேன். அவர் அதை வாங்கிப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க பெரியவரே. ஆனா, குழம்பு நேத்தே கொதிச்சிருச்சே” என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் என் வாயும் கோணியது, அண்ணி. அதை நானே உணர்ந்தேன்.

உடலை விட்டுக்கொடுக்கச் செய்துவிட்டேன். அதை மட்டும் செய்ய முடிந்தது. நானே கொண்டுவருகிறேன்.

தெலெஸ்ஃபோர்

---

வாகதூகு
நவம்பர் 21

என் நாய்தின்னி அண்ணிக்கு,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமலேயே அழைக்கிறேன்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று காவலுக்கு வந்த லெப்டினென்ட் சொன்னபோது நீங்கள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திறந்தீர்கள். மணிக்கட்டுகளில் கம்பி சதைக்குள் போயிருந்தது. பின்கழுத்தில் ஒரே ஒரு துளை. நீங்கள் கம்பியை நிதானமாகப் பிரித்து எடுத்து, லெப்டினென்டின் உள்ளங்கையில் வைத்தீர்கள். “ஓடுறவனுக்கு இதை ஏன்யா கட்டினீங்க?” என்றீர்கள். அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடக்கம் முடியும்வரை கையிலேயே பிடித்திருந்தான்.

பலகாரம் விற்கும் பிபாத்தா மட்டும்தான் உங்கள் ஊர் மோசிகள் சார்பில் துணிந்து வந்தாள். அன்செல்மின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அத்தனை துப்பாக்கிகளுக்கும் நடுவே விறைப்பாக நடந்துகாட்டினாள். “எந்திரிடா நாய்தின்னி! எங்கிட்ட வாங்கித் தின்ன வடைக்குக் காசு குடுத்துட்டுப் போடா!” என்று பெட்டியைத் தட்டினாள். நீங்கள் சிரித்தீர்கள். கண்ணீர் வழியச் சிரித்து, அவள் கையில் காசு வைத்தீர்கள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது. பதவிப் பட்டையைக் கழற்ற மறந்து குழிக்குள் இறங்கினேன். படுத்தேன். மேலே வானத்தைச் சுற்றித் துப்பாக்கி முனைகள் தெரிந்தன. “இவன் எனக்கு…” என்று தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் குழி விளிம்புக்கு வந்து குனிந்தீர்கள். மிகவும் மரியாதையாக, “பிரதமர் ஐயா, எழுந்திருங்கள். உங்கள் உடை அழுக்காகிவிடும்” என்றீர்கள்.

நாற்பது வருடத்தில் நீங்கள் என்னை மரியாதையாக அழைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

அண்ணி, நான் பதவி விலகினால் என் இடத்துக்கு இன்னும் மோசமான ஒருவன் வருவான். இருந்தால் நான்கு பேரையாவது காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன். இது கோழையின் வாதம் என்றால் அப்படியே எழுதுங்கள். அடிமை என்று எழுதுங்கள், கழுதைதின்னி என்று எழுதுங்கள். ஒரே ஒரு வசை போதும்.

தெலெஸ்ஃபோர்

---

அனுப்புநர்:
திருமதி யூஃப்ராசி பாரே,
துகான்

பெறுநர்:
மாண்புமிகு தெலெஸ்ஃபோர் சிம்போரே அவர்கள்,
இடைக்கால அரசின் பிரதமர்,
வாகதூகு

நவம்பர் 25

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் 21ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. என் மகனின் உடலை ஒப்படைக்க ஏற்பாடு செய்தமைக்கு நன்றி.

துகான் சந்தையில் பலகாரம் விற்கும் பிபாத்தா இல்புதோ என்பவரின் மகன் கார்ப்பரல் மகமாதி இல்புதோ, என் மகனுடன் காவல்படையில் பணியாற்றியவர். அதே முகாமில் இப்போதும் உயிரோடு இருப்பதாக லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அவருடைய தாய்க்கு எழுதத் தெரியாது. ஆகவே அவர் சார்பில் இம்மனுவை நான் எழுதுகிறேன்.

இவர்கள் மோசிகள். ஒரு மோசிக்காகத் தங்களிடம் முறை சொல்லிக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. தங்கள் சாசனத்தில், எவரையும் குற்றச்சாட்டு இல்லாமல் அடைத்துவைக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருப்பதை வானொலியில் கேட்டேன். வாக்கியம் பிழையில்லாமல், முழுமையாக அமைந்திருக்கிறது. அதன்படி கார்ப்பரல் இல்புதோவை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மகனுக்காக வழக்கத்தை நம்பிக் கேட்டேன். இவருக்காகச் சட்டத்தை நம்பிக் கேட்கிறேன். அதுவும் சிரிப்பதற்காக எழுதப்பட்டதுதான் என்றால், ஐயா, அதைத் தெளிவாக எழுதித் தெரிவிக்கவும். அவர் தாயிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

பிபாத்தா என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று கடை போடவில்லை. பதில் வரும்வரை இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யூஃப்ராசி பாரே
கேப்டன் அன்செல்ம் பாரேயின் தாய்